ஒரு கப் மைதாவின் எடை

பன்னக்கா தேர்வில் தோற்றது ஒரே ஒரு மதிப்பெண்ணில். தேர்ச்சிக்கு அறுபது வேண்டும், அவருக்கு ஐம்பத்தொன்பது. அந்த ஒரு மதிப்பெண்ணை மைதா தின்றுவிட்டது.

மோட்டார் செய்கிற தொழிற்சாலையின் கேன்டீனில் அவர் இருபத்திரண்டு வருடமாகத் தலைமைச் சமையல்காரர். காலை பத்து மணி இடைவேளைக்கு நானூறு பன் போடுவார். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மாவைக் கப்பில் அள்ளி, கத்தியின் முதுகால் மேலே ஒரு இழுப்பு இழுத்து, தொட்டியில் கொட்டுவார். எத்தனை கப் என்று எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. இதைத் தவிர அவரிடம் எந்தக் கர்வமும் கிடையாது.

ஐம்பது பேருக்கு மேல் சமைக்கிற எவரும் இனி 'உணவு அளவைத் தகுதிச் சான்றிதழ்' வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. எங்கோ ஒரு விடுதியில் சூப்பில் உப்பு கூடிப்போய், அதை ஒரு முக்கியமானவர் குடித்துவிட்டாராம். கூடவே சான்றிதழ் தர ஒரு வாரியமும், வாரியத்துக்கு ஐந்து மாடிக் கட்டடமும் வந்தன. கட்டடத்தில் எல்லா வசதியும் இருந்தது, சமையலறை மட்டும் இல்லை.

கேன்டீன் மேனேஜர் நல்ல மனிதர். உத்தரவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்தார்.

"ஒரு பேப்பர்தான்க்கா. எழுதிட்டு வந்துடுங்க. ஆறு மாசம் டைம் குடுத்திருக்காங்க. இல்லன்னா உங்கள அடுப்புப் பக்கம் விடக் கூடாதாம்."

"நான் பள்ளிக்கூடம் விட்டு முப்பது வருஷம் ஆச்சே சார்."

"உங்களுக்குத் தெரியாததையா கேக்கப் போறாங்க."

தேர்வுக்கு முன் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. பயிற்சியாளர் சலவை கலையாத சட்டை போட்டிருந்தார். முதல் நாளே ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "நான் ஒரு தடவகூட சமைச்சதில்ல. அதனாலதான் எந்தப் பக்கமும் சாயாம என்னால சொல்லித்தர முடியுது. சமைக்கத் தெரிஞ்சவங்கள இந்த வேலைக்கு எடுத்தா அவங்கவங்க அனுபவத்த உள்ள கொண்டுவந்துடுவாங்க." சமையல்காரர்கள் எல்லோரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். பதினான்காம் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. ஒரு கப் என்றால் இருநூற்றைம்பது மில்லி. அதில் மைதா பிடிக்கிற எடை நூற்று முப்பது கிராம், சர்க்கரை இருநூறு, எண்ணெய் இருநூற்று முப்பது. பன்னக்கா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாகத் தன் கைக்குத் தெரிந்த ஒன்றை யாரோ அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

தேர்வு ஒரு ஆரம்பப் பள்ளியில் நடந்தது. முந்நூறு சமையல்காரர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் சோதனை பலமாக இருந்தது. பையில் அளவுக் கரண்டி வைத்திருந்த இருவர், காப்பியடிக்கும் சாதனம் வைத்திருந்ததாக வெளியே அனுப்பப்பட்டார்கள்.

முப்பத்தேழாவது கேள்வி இது: ஒரு கப் மைதாவின் எடை என்ன? அ) 130 கிராம் ஆ) 200 கிராம் இ) 250 கிராம் ஈ) சொல்ல முடியாது. பன்னக்கா யோசிக்காமல் போட்ட சில விடைகளில் அதுவும் ஒன்று. அடுத்த கேள்வி கப்பின் வரலாறு பற்றியது. அதற்குத்தான் ரொம்ப நேரம் யோசித்தார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. வாரியத்தின் தரைத்தளத்தில் கண்ணாடிக்குள் விடைக்குறிப்பை ஒட்டியிருந்தார்கள். முப்பத்தேழுக்கு நேராக 'இ' என்று இருந்தது. பன்னக்கா கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்னும் தெளிவாக 'இ' தெரிந்தது.

'ஐயம் தெளிவுப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்த ஜன்னலுக்குப் போனார். உள்ளே இருந்த எழுத்தரிடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. ஒன்று படிவங்களைப் பார்க்க, இன்னொன்று ஆட்களைப் பார்க்க. இரண்டாவதை அவர் அவ்வளவாக எடுப்பதில்லை.

"முப்பத்தேழாவது கேள்விக்கு விடை தப்பா இருக்குங்க."

"உங்க விடையா?"

"உங்க விடைங்க."

எழுத்தருக்குக் கோபம் வரவில்லை. பல தடவை விளக்கிச் சலித்துப்போன குரலில் சொன்னார்: "எங்ககிட்ட விடை கிடையாதும்மா. விடைக்குறிப்புதான் இருக்கு. விடை தப்பாகலாம். விடைக்குறிப்பு எப்படித் தப்பாகும்? அதோட ஒத்துப்போனாத்தான அது விடை."

பன்னக்கா கையேட்டின் பதினான்காம் பக்கத்தை விரித்து ஜன்னல் வழியாக நீட்டினார். எழுத்தர் சூடுபட்டதுபோலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது பயிற்சிப் பிரிவு போட்டது. நாங்க தேர்வுப் பிரிவு. இத நான் பாக்கவே கூடாது."

"ரெண்டும் ஒரே வாரியந்தானுங்க?"

"ஒரே வாரியம், வேற வேற மாடி. கேள்வி வெளிய கசியக் கூடாதுன்னு எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சே கிடையாது. அவங்க என்ன சொல்லித்தராங்கன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க என்ன கேப்போம்னு அவங்களுக்குத் தெரியாது. இதுவரைக்கும் ஒரு கேள்விகூட கசிஞ்சதில்ல, தெரியுமா?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"ஆட்சேபணை மனு குடுங்க. ஆதாரத்தோட."

"ஒரு கப் மைதாவக் கொண்டு வந்து நிறுத்துக் காட்டினா ஆதாரமாகுமா?"

எழுத்தர் விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார். மைதா கூடாது என்று எங்கும் போட்டிருக்கவில்லை. "கொண்டு வரலாம். ஆனா எந்த ஆதாரமா இருந்தாலும் சான்றொப்பம் இருக்கணும்."

அடுத்த வாரம் மேனேஜரிடம் அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு, மைதாப் பொட்டலத்தோடு சான்றொப்பம் போடும் அதிகாரியைத் தேடிப் போனார். முதலில் பார்த்த தலைமையாசிரியர் தன்னால் காகிதத்துக்கு மட்டுமே கையெழுத்திட முடியும் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது ஆள் விடுப்பில். மூன்றாவது ஒரு கால்நடை மருத்துவர். கன்றுக்குட்டி ஒன்றுக்கு ஊசி போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூலம் எங்க?"

"எதோட மூலங்க?"

"நகலுக்குத்தாம்மா நான் சான்றொப்பம் போட முடியும். இது நகல்னா மூலம்னு ஒண்ணு இருக்கணுமே."

"இதுதாங்க மைதா. இதுக்கு மேல மூலம்னா கோதுமைதான்."

மருத்துவர் அதையும் கொஞ்ச நேரம் நேர்மையாக யோசித்தார். வெளியே ஒரு ஆடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையைப் பொட்டலத்தின் மேல் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். மெல்லிய உறை என்பதால் மை கொஞ்சம் பரவி, 'கால்நடை' என்ற சொல் மட்டும் தெளிவாக விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. ஐந்தாவது மாடி. லிஃப்ட் உறுப்பினர்களுக்கு மட்டும். பன்னக்கா மாவையும் கப்பையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு படியேறினார். கத்தியை நான்காவது மாடிக் காவலர் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஸ்கேலைக் கொடுத்தார்.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர். வலப்பக்கம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்ற அம்மையார், முன்னால் ஒரு கோப்பு மலை. இடப்பக்கம் துறை வல்லுநர். முப்பத்தேழாவது கேள்வியைத் தயாரித்தவர் அவர்தான். தன் கேள்விக்கு எதிரான மனுவைத் தானே விசாரிப்பது சரியா என்ற சந்தேகம் அவருக்கே வந்து, தலைவரிடம் கேட்டிருக்கிறார். கேள்வியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்று தலைவர் அனுமதித்துவிட்டார்.

"உங்க கோரிக்கை என்ன?" என்றார் தலைவர்.

"ஒரு கப் மைதா இருநூத்தம்பது கிராம் வராதுங்க. நூத்தி முப்பதுதான் வரும்."

வல்லுநர் முன்னால் சாய்ந்தார். "நான் முப்பத்தாறு வருஷம் குடிநீர்த் துறைல இருந்தவன்மா. ஒரு மில்லி ஒரு கிராம். இருநூத்தம்பது மில்லி, இருநூத்தம்பது கிராம். முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூட இது மாறினதில்ல."

"அது தண்ணிங்க."

"தண்ணியே ஒழுங்கா இருக்கும்போது மைதாவுக்கு என்ன?"

நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று அம்மையார் சொன்னார். தராசு கேட்டார்கள். உதவியாளர் ஒவ்வொரு மாடியாகத் தேடிவிட்டு வந்து, அளவை வாரியத்தில் தராசு இல்லை என்றார். கடைசியில் தபால் பிரிவிலிருந்து கடிதம் நிறுக்கும் தராசைக் கொண்டு வந்தார்கள்.

பன்னக்கா மாவை அள்ளி, ஸ்கேலால் மேலே இழுத்து, கப்பைத் தராசில் வைத்தார். கப்பின் எடையை முதலிலேயே கழித்திருந்தார்கள். நூற்று முப்பத்தொன்று. தராசு கூடவே, இந்த எடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்றும் காட்டியது.

அம்மையார் அந்த எண்ணைக் கோப்பில் குறித்துக்கொண்டார்.

"காத்து உள்ள இருக்கு," என்றார் வல்லுநர். "தேர்வுல நாங்க காத்தக் கேக்கல. மைதாவத்தான் கேட்டோம்."

மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டால் மாவை அழுத்தினார். இறங்கிய இடத்தில் மேலும் மாவு போட்டு மறுபடி அழுத்தினார். நூற்று ஐம்பத்தெட்டு. எழுந்து நின்று, ரப்பர் முத்திரையின் பிடியால் இடித்தார். நூற்று அறுபத்தொன்பது. தலைவர் தன் பங்குக்குக் கப்பைப் பிடித்துக்கொண்டார். வல்லுநர் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, நெற்றி நரம்பு புடைக்க அமுக்கினார். நூற்று எழுபத்தாறு. அதற்கு மேல் ஒரு கிராம்கூட ஏறவில்லை. அவர் சட்டைக் கையெல்லாம் வெள்ளை. இத்தனை வயதான ஒரு மனிதர் மூச்சு வாங்க மாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பன்னக்காவுக்கே பாவமாக இருந்தது.

"விடுங்க சார், கை வலிக்கும்," என்றார்.

தலைவர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார். குரலில் கனிவு இருந்தது.

"இங்க பாருங்கம்மா. வாரியம் தப்பே பண்ணாதுன்னு நான் சொல்ல வரல. தப்பு பண்றதுக்கும் ஒரு நடைமுறை இருக்கு. வல்லுநர் கேள்வி எழுதினார், குழு பாத்துச்சு, நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு படிகூட தாண்டல. அப்படியிருக்க இத எந்தப் படியில தப்புன்னு எழுதறது? இன்னொண்ணு. நாப்பதாயிரம் பேர் இருநூத்தம்பதுன்னு எழுதிப் பாஸ் பண்ணிட்டாங்க. நாடு முழுக்க அவங்கதான் இன்னிக்கு சமைக்கறாங்க. உங்க ஒருத்தர் மைதாவுக்காக அவ்ளோ பேரு வயித்துல அடிக்க முடியுமா?"

"நான் யாரையும் ஃபெயிலாக்கச் சொல்லலிங்க. எனக்கு ஒரு மார்க் வேணும்."

"அதான் சொல்றேன். மார்க்க நாங்க குடுக்கறதில்ல. நீங்க எடுக்கறது."

ஆணை பின்னர் அனுப்பப்படும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச மாவை ஆதாரம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். கப்பை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார்.

அதற்குள் ஆறு மாதக் கெடு முடிந்தது. கேன்டீனுக்குச் சான்றிதழ் வைத்திருந்த ஒருவரை அனுப்பினார்கள். நாற்பது வயது. அதற்கு முன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். தேர்வில் தொண்ணூற்று நான்கு. பன்னக்காவை மேசை துடைக்கும் வேலைக்கு மாற்றி, மேனேஜர் அந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் நாள் ஏஜெண்ட், விடைக்குறிப்பில் இருந்தபடியே கப்புக்கு இருநூற்றைம்பது கிராம் என்று கணக்குப் போட்டு மாவை எடை போட்டார். தண்ணீரும் ஈஸ்டும் பழைய அளவில் போயின. பத்து மணிக்கு நானூறு பன்னும் வந்தன. கடைசல் இயந்திரப் பிரிவுக்காரர் ஒருவர் கடித்துவிட்டுப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்னொருவர் ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்குக் கீழே ஒன்றைச் செருகினார். மேசை ஆடுவது நின்றது.

எல்லோரும் திரும்பித் துணியும் கையுமாக நின்ற பன்னக்காவைப் பார்த்தார்கள். அவர் குனிந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்பே ஏஜெண்ட் வந்து வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நான் மனப்பாடம் பண்ணிப் பாஸ் பண்ணவன். வீட்டுல வெந்நி வெக்கறதுகூட என் வீட்டுக்காரிதான். கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

"எத்தன மார்க் வாங்கினீங்க?"

"தொண்ணூத்தி நாலு," என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கைய நல்லாக் கழுவிட்டு வாங்க," என்றார் பன்னக்கா.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு நடந்தது. பன்னக்கா சமைப்பார். ஏஜெண்ட் மேசை துடைப்பார். ஆய்வாளர் வருகிற அன்று மட்டும் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். ஒரு முறை ஆய்வாளர் பன்னைச் சாப்பிட்டுவிட்டு, சான்றிதழ் முறை வந்த பிறகு தரம் எவ்வளவு கூடியிருக்கிறது பாருங்கள் என்று மேனேஜரிடம் சொன்னார். பதிவேட்டிலும் எழுதிவிட்டுப் போனார். பன்னக்கா அவர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மதிப்பெண்ணில் தோற்றவர்களுக்கு வாரியம் ஒரு துணைத் தேர்வு வைத்தது. விடுபட்ட ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்வி, அதே மைதாக் கேள்வி. மூன்று மணி நேரம். இதிலும் போனால் மூன்று வருடம் கழித்துத்தான் முழுத் தேர்வு. விசாரணை முடிந்து நான்கு மாதமாகியும் ஆணை வராததால் பன்னக்கா ஜன்னலுக்குப் போய் எழுத்தரிடம் கேட்டார்.

"ஆணை வரலன்னா பழசுதான் செல்லும்," என்றார் எழுத்தர், தலையைத் தூக்காமல்.

தேர்வுக்கு முந்திய சாயங்காலம் வீட்டில் அதுதான் பேச்சு. பன்னக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள்.

"அம்மா, நூத்தி முப்பதுதான உண்மை. அதையே எழுது," என்றாள் மகள். "நான் கடையில அஞ்சு மில்லிக்குப் பதிலா பத்து மில்லின்னு சொன்னா என்ன ஆகும்?"

"நீ சொன்னா ஆளு போயிடுவான். இவ எழுதினா யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார் வேன்காரர். பிறகு மனைவியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "இத பாரு. அவங்களோட உன்னால சண்ட போட முடியாது. நாளைக்கு ஒரு நாள் மட்டும் மைதா கனமா இருந்துட்டுப் போகட்டுமே. அதுக்கப்புறம் நீ உன் அடுப்பு, உன் பன்னுன்னு இருக்கலாம்."

பன்னக்கா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, "எனக்கு அந்த மேசையெல்லாம் துடைக்கறதுகூட பரவால்ல," என்றார். "எல்லாரும் பாவமாப் பாக்கறாங்க, அதுதான்."

அதே ஆரம்பப் பள்ளி. இந்த முறை ஒரே அறைதான், பத்தொன்பது பேர். பேசிப் பார்த்ததில் பத்தொன்பது பேருமே அடுப்பில் வெந்தவர்கள், பத்தொன்பது பேரையும் தோற்கடித்தது மைதாதான். பன்னக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, பெஞ்சில் பாதிதான் உட்கார முடிந்தது.

வினாத்தாளை உறையிலிருந்து எடுத்து, முத்திரையைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஒரு கப் மைதாவின் எடை என்ன?

"நீங்க என்ன எழுதப் போறீங்க?" என்று பன்னக்கா கிசுகிசுத்தார்.

"நூத்தி முப்பதுதான்," என்றார் ஆஸ்பத்திரிக்காரர். "எனக்கு வேற நம்பர் தெரியாதும்மா."

பேசக் கூடாது என்று கண்காணிப்பாளர் மேசையைத் தட்டினார்.

பன்னக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 'அ' பக்கம் கை தானாகப் போனது. இழுத்துக்கொண்டு வந்தார். மேனேஜர் சுவர்ப் பக்கம் திரும்பியது நினைவுக்கு வந்தது. கடைசியில் 'இ' கட்டத்தைக் கறுப்பாக்கினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தெரிந்தே தப்பாக அளந்தது அதுதான் முதல் தடவை. மூன்று மணி நேரம் முடியும்வரை எழுந்து போக அனுமதி இல்லை என்பதால், மீதி இரண்டு மணி நேரமும் அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். மொத்தம் ஐம்பத்தொன்பது.

கண்ணாடிக்குள் புதிய விடைக்குறிப்பு ஒட்டியிருந்தார்கள். ஒரு முழுத் தாளில் ஒரே ஒரு எழுத்து, 'அ'. கீழே சிறிய எழுத்தில், 'விசாரணைக் குழுவின் பரிந்துரைப்படி திருத்தப்பட்டது.'

ஜன்னலில் எழுத்தர் அவரைப் பார்த்ததும் முதல் முறையாக இரண்டாவது மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"உங்க ஆணைதாம்மா, நேத்துதான் கையெழுத்தாச்சு. நீங்க ஜெயிச்சிட்டீங்க. வாரியம் ஆரம்பிச்சதுலேந்து ஒரு ஆட்சேபணைய ஏத்துக்கிட்டது இதுதான் முதல் தடவ."

பன்னக்கா ஆணையை வாங்கிப் படித்தார். மனுதாரரின் விடாமுயற்சியை வாரியம் பாராட்டுகிறது. ஒரு கப் மைதாவின் எடை இனிமேல் நூற்று முப்பது கிராம். துணைத் தேர்வு நாளிலிருந்து அமலுக்கு வருகிறது.

"அப்ப முதல் தேர்வுல நான் எழுதினது சரிதானுங்க? அதுக்கு மார்க் குடுப்பீங்களா?"

"அது பழைய தேர்வும்மா. அன்னிக்கு இருநூத்தம்பதுதான். பின்தேதியிட்டுக் குடுக்க முடியாது."

"இந்தத் தேர்வுக்கு?"

"இதுல நூத்தி முப்பதுதான் சரி. ஆனா நீங்க..." எழுத்தர் பட்டியலில் விரலை ஓட்டி, நிறுத்தி, உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நீங்க இருநூத்தம்பதுன்னு போட்டிருக்கீங்களே. மத்த பதினெட்டு பேர்ல பன்னண்டு பேர் பாஸ். மனு குடுத்த நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

பன்னக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. நாலு பாத்திரம் தூக்கி இறக்கியதுபோல இடுப்பில் ஒரு வலி மட்டும் இருந்தது. "ஆமாங்க, தப்புதான்," என்றார்.

மூன்று வருடத்துக்கும் இதே ஏற்பாட்டில் ஓட்டிவிடலாம் என்று மேனேஜர் அன்று காலையே சொல்லியிருந்தார். ஏஜெண்டுக்கும் ஆட்சேபணை இல்லை. அவருக்கு மேசை துடைப்பது இப்போது நன்றாகக் கைவந்துவிட்டது. நாளைக் காலையும் நானூறு பன் போட்டாக வேண்டும். கேன்டீனைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை.

கீழ்த்தள நடையில் ஒரு நீள பெஞ்ச் இருந்தது. பன்னக்கா ஆணையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். அடுத்த முனையில் ஒரு பெண் மடியில் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். விரல்களில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் இருந்தன. ஏதோ ஒரு விடுதியில் சமைப்பவளாம். அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வு.

"அக்கா, நீங்க எழுதினவங்களா?" என்று கேட்டாள். "ஒரு கப் சர்க்கரை எத்தன கிராம்னு வரும்?"

பன்னக்கா வாயைத் திறந்தார். இருநூறு என்ற எண் நாக்கு நுனிவரை வந்து நின்றது. "சமைக்கறதுக்கா, எழுதறதுக்கா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் அதில் வேடிக்கை எதையும் காணவில்லை.

"எழுதறதுக்குத்தான்க்கா," என்றாள். "சமைக்கறதுக்கு எனக்கே தெரியுமே."